வினவுதல் சங்கையாகுமா?

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நற்காட்சியை முதற்கண் வைத்தனர் நம் ஆசாரியர். அந்நற்காட்சிக்கு மாசாக அமையும் ஐந்து அதிசாரங்களைக் கூறுங்கால், அவற்றுள் சங்கையை முதலாவதாக வைத்தனர். சங்கையாவது ஐயம். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்போர் சிலர், "ஆகவே சமயத்தில் கேள்வி கேட்பதே குற்றம்" என்னும் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். நம் இல்லங்கள் பலவற்றில் இம்முடிவு எழுதாச் சட்டமாகவே நிலைபெற்றுள்ளது. பிள்ளை கேட்கிறது, பெரியவர் "சங்கை கூடாது" என்கிறார், பிள்ளை வாய் மூடுகிறது. மூடிய வாயைக் கண்டு, நம்பிக்கை வந்துவிட்டதென்று நாம் அமைதி கொள்கிறோம். வகுப்பறையில் பல்லாண்டுகள் நின்றவர்க்கு இவ்வமைதியின் பொருள் தெரியும். விளங்கிய வகுப்பு ஓசையின்றி இராது. ஆசிரியரை விட்டு மனத்தால் விலகிவிட்ட வகுப்பே ஓசையின்றி அமர்ந்திருக்கும்.

ஆதலின், சங்கை என்பது யாது, வினவுதல் என்பது யாது, தர்க்கமும் சமய நம்பிக்கையும் ஒரு கூரையின்கீழ் வாழ இயலுமா என்பவற்றை நம் நூல்களைக் கொண்டே இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் நம் வீட்டு இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர் என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அவர் வினாவை ஆறு வகைப்படுத்தினார். அவற்றுள் அறியாமையால் எழுவதும் உண்டு. ஐயத்தால் எழுவதும் உண்டு. ஐயவினாவை அவர் குற்றமென்று தள்ளவில்லை. அதுமட்டுமன்று, மாணாக்கன் நூல் பயிலும் முறையைக் கூறுமிடத்தில், வினவுதலையும் பிறர் வினவியதற்கு விடை கூறுதலையும் அவனுக்குரிய கடமைகளாகவே சேர்த்துரைத்தார். நம் புராணங்களும் அவ்வாறே அமைந்தவை. சிரேணிக மன்னன் வினவக் கௌதம கணதரர் விடையிறுத்தார் என்பதுதானே மகாபுராணத்தின் அமைப்பு! அக்கௌதமரும் பகவான் மகாவீரரை அடைந்தது வாதிடும் எண்ணத்தோடும் உயிரைப் பற்றிய ஐயத்தோடும் என்பது மரபு. வினவுதல் குற்றமாயின், சிரேணிகன் குற்றவாளி. கௌதமர் முதற் குற்றவாளி. புராணமோ குற்றப் பத்திரிகை.

அங்ஙனமாயின் சங்கை என்று விலக்கப்பட்டது எது? அந்திப்பொழுதில் தொலைவில் நிற்கும் ஒன்று மரக்கட்டையோ மனிதனோ என்று தடுமாறும் நிலையை ஐயத்திற்கு எடுத்துக்காட்டாகத் தருவது தர்க்க நூலார் வழக்கம். அத்தடுமாற்றம் தீர வழி யாது? அருகிற் சென்று பார்த்தல். கைகால் அசைகின்றனவா, பறவை வந்து அமர்கின்றதா என்று ஆராய்தல். ஆராய்ச்சியே ஐயத்தின் மருந்து. மருந்தையே நோயென்று கருதி விலக்கினால் நோய் என்றும் தீராது. பார்த்துத் தெளிந்த பின்னரும் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நிற்பானே, அவனுடைய தடுமாற்றமே நற்காட்சிக்கு மாசு. கணக்கைச் சரியாகப் போட்டு, விடையையும் சரிபார்த்து, பின்னர் பக்கத்து மாணவனின் தாளைக் கண்டு தன் விடையை அழிக்கும் மாணவனை எல்லா ஆசிரியரும் அறிவர்.

நம் தர்க்க மரபில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. அறிவை நம் ஆசாரியர் நேர்க்காட்சியாகிய பிரத்தியட்சம், மறைவுணர்வாகிய பரோட்சம் என இரண்டாகப் பகுத்தனர். பரோட்சத்துள் நினைவு, மீட்டறிதல், தர்க்கம், அனுமானம், ஆகமம் என்னும் ஐந்தினை அடக்கினர். அகளங்கர் வகுத்த இம்முறையைப் பின்னர் மாணிக்கியநந்தி தம் பரீட்சாமுகத்தில் சூத்திரமாக்கினார். கரந்தை, திருப்பணமூர் ஆகிய ஊர்களில் நாம் நினைந்து போற்றும் அதே அகளங்கர்தாம். நியாய நூலார் தர்க்கத்தைத் துணைக்கருவியாக மட்டும் கொண்டனர். தனிப் பிரமாணமாக ஏற்றிலர். நம்மவரோ அதனைப் பிரமாணமாகவே ஏற்றனர். ஏற்றது மட்டுமன்றி, ஆகமம் அமர்ந்துள்ள வரிசையிலேயே அதற்கும் இடமளித்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் பகைவராக்கியது யார்? நூல்கள் அல்ல; நூல்களைத் திறவாத நாம்.

ஐந்தையும் விரிக்க இங்கு இடமில்லை. அனுமானம், ஆப்தவசனம் என்னும் இரண்டினை மட்டும் நாம் வாழும் எர்ணாவூரைக் கொண்டு விளக்குவோம். மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிக்கும் பழைய எடுத்துக்காட்டு நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்படும் வரையில், அதன் புகைபோக்கியைப் பார்த்தே உள்ளே உலை எரிவதை அவர்கள் அறிந்தனர். மேலும் ஒன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்னர், எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா வெளிப்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் உறக்கத்தினின்று எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் எவரும் குழாயைக் கண்டாரில்லை. நெடி மூக்கில் ஏறியது, கண் எரிந்தது, இவற்றைக் கொண்டு காணாத ஒன்றை உணர்ந்தனர். உணர்ந்ததோடு நில்லாமல், உணர்ந்ததன்மேல் நடந்தனர். "குழாயின் வெடிப்பைக் கண்ணாற் கண்ட பின்னரே எழுவோம்" என்று படுத்திருந்தவரை நாம் அறிவாளர் என்போமா? அன்று அவர்களை எழுப்பியது அனுமானம். நடக்கச் செய்தது அதன்மேல் வைத்த உறுதி. வடமொழியில் சிரத்தை எனப்படுவது இவ்வுறுதியே.

ஆப்தவசனமாவது நம்பத்தக்கார் சொல். யார் நம்பத்தக்கார்? குற்றங்கள் நீங்கியவன், முற்றும் அறிந்தவன், உயிர்களுக்கு நலம் பயக்கும் நூலை அருளியவன் என்று ஆப்தனுக்கு இலக்கணம் கூறுவர். விருப்பு வெறுப்பின்மை, அறிவு என்னும் இரண்டும் இங்கு அடிப்படை. அறிவிருந்து பற்று நீங்காதவன் பொய் கூறக்கூடும். பற்று நீங்கி அறிவில்லாதவன் பிழை கூறக்கூடும். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்தை அடுத்த கடலில் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய எண்ணெய்க் கசிவு ஏதும் இல்லை என்றே முதலிற் சொல்லப்பட்டது. பின்னர் எர்ணாவூர்க் கரையில் கரிய எண்ணெய்ச் சேறு வந்து ஒதுங்கியது. இளைஞரும் தொழிலாளரும் வாளிகளைக் கொண்டு அதனை அள்ளினர். முதலில் வந்த சொல்லை எடைபோட நமக்கு அன்று வேறு கருவி வேண்டியிருக்கவில்லை. சொல்பவர் கரைக்கு வந்து பார்த்தாரா, சொல்வதால் அவருக்கு ஏதேனும் ஊதியம் உண்டா என்னும் இரு வினாக்கள் போதும். அவ்விரு வினாக்களையும் கடவுளை நோக்கியே கேட்கத் துணிந்தவர் நம் ஆசாரியர் ஒருவர்.

அவர் சமந்தபத்திரர். காஞ்சிமாநகரோடு தொடர்புடையவராக மரபு அவரைப் போற்றுகிறது. அவர் செய்த ஆப்தமீமாம்சை 114 சுலோகங்களே கொண்டது. அகளங்கர் அதற்கு அஷ்டசதி என்னும் உரை வகுத்தார். அவ்வுரையை உள்ளடக்கி வித்தியானந்தர் அஷ்டசகசிரி என்னும் பேருரை கண்டார். இத்தனை உரைகளைத் தாங்கிய அந்நூல் துதியாகத்தான் தொடங்குகிறது. ஆனால் என்ன துதி! தேவர்கள் வருவதும், வானில் இயங்குவதும், சாமரம் வீசப்பெறுவதும் மாயவித்தைக்காரரிடத்தும் காணப்படுவனவே. ஆகவே இவற்றைக் கொண்டு உம்மைப் பெரியவராக நாம் ஏற்கவில்லை என்று பகவானின் திருமுன் நின்றே அவர் கூறுகிறார். பின்னர் எதனால் ஏற்கிறார்? பகவானின் வாக்கு நியாயத்தோடும் நூலோடும் முரண்படாமையால் ஏற்கிறார். இதனை எழுதியவரை நாத்திகர் என்று எவரும் விலக்கவில்லை. ஆசாரியர் வரிசையில் வைத்து வணங்குகிறோம்.

சிராவகர்க்கென அவர் எழுதிய நூல் இரத்தினகரண்டகம். அப்பெயரே தமிழில் அருங்கலச்செப்பு என்றாகி, அதன் பொருளும் குறள்வெண்பா நடையில் நமக்குக் கிடைத்துள்ளது. வீட்டுக்கு ஒரு படி இருக்கவேண்டிய நூல். ஆகமத்திற்கு அங்கே கூறப்படும் இலக்கணத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆப்தன் அருளியதாதல், பிறரால் வெல்லப்படாததாதல் என்பவற்றோடு, காட்சிக்கும் அனுமானத்திற்கும் முரண்படாததாதல் என்பதையும் சமந்தபத்திரர் சேர்த்துள்ளார். ஆகமம் சொன்னால் காட்சியையும் கைவிடு என்று அவர் சொல்லவில்லை. காட்சியோடு முரண்பட்டால் அது ஆகமம் என்னும் பெயருக்கே உரியதன்று என்கிறார். தர்க்கம் வெளியிலிருந்து வந்து ஆகமத்தின் கதவைத் தட்டவில்லை. ஆகமத்தின் இலக்கணத்துக்குள்ளேயே வாயிற்காவலாக நிற்கிறது.

இனி, தமிழில் இம்மரபின் கொடுமுடியாகிய நீலகேசிக்கு வருவோம். 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இதனைச் சமய திவாகர வாமன முனிவரின் உரையுடன் பதிப்பித்தார். மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அப்பெருமகனார் நம் சமூகத்தவர். கதை நம் வாசகர் அறிந்ததே. காளிக்கு உயிர்ப்பலியிட வந்தவர்களிடம், உயிருள்ள விலங்குக்குப் பகரமாக மண்ணுருவம் வைத்து வழிபடுமாறு முனிச்சந்திரர் அறிவுறுத்துகிறார். சினங்கொண்ட காளி, தென்னாட்டுப் பேயாகிய நீலியை ஏவுகிறாள். நீலி அச்சுறுத்திப் பார்க்கிறாள், பெண்ணழகால் மயக்கவும் பார்க்கிறாள், முனிவர் அசையவில்லை. அதன்பின்னரே அவள் அவரிடம் அறங்கேட்டு மாணாக்கியாகிறாள். இக்கதையில் நாம் பெரும்பாலும் முனிவரின் உறுதியையே போற்றுகிறோம். மாணாக்கியையும் நோக்குவோம். தன் ஆசிரியரை இருமுறை சோதித்த பின்னரே அவள் அவரை ஏற்றாள். அச்சோதனைக்காக முனிவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பெற்ற தெளிவைத் தன்னுள் பூட்டி வையாமல், குண்டலகேசியில் தொடங்கிப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் எனப் பலரிடமும் அவள் வாதுக்குச் செல்கிறாள். கணந்தோறும் அனைத்தும் அழியுமாயின் வினையைச் செய்தவன் ஒருவன், பயனை நுகர்பவன் மற்றொருவன் ஆகமாட்டானா என்பது போன்ற வினாக்களை அவள் அடுக்கும் வேகம், இன்றைய வழக்கறிஞர்க்கும் பாடமாகும்.

இவ்விடத்தில் ஒன்றை நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். நீலகேசியில் எதிர்வாதியின் வாயிலும் சொல்லை வைத்தவர் நீலகேசி ஆசிரியரே. ஆகவே அவள் வெல்வது வியப்பன்று. அவள் வென்றதாகக் கூறப்படும் குண்டலகேசியின் காப்பியமோ சில செய்யுள்கள் தவிர மறைந்துபோயிற்று. மணிமேகலையைத் திறந்தால், அங்கு நிகண்டவாதி தன் சமயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நம் பக்கத்தின் முழு வலிமையும் அங்கு வெளிப்படவில்லை என்று நாம் குறைப்படுகிறோம். அக்குறையைக் குண்டலகேசியும் நம்மிடத்துச் சொல்லக்கூடுமல்லவா? பிறர் வாதத்தை அவர்தம் வாயால் கேட்டல் அநேகாந்தம் பேசுவோர்க்கு முதற் கடமை.

அநேகாந்தம் என்றதும் மற்றொரு தவறான வழக்கு நினைவுக்கு வருகிறது. கடினமான வினா வந்தால், "எல்லாம் ஒரு வகையில் சரிதான், அதுவே சியாத்வாதம்" என்று கையை விரிப்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். எல்லாம் சரியாயின் நீலகேசி ஊர் ஊராகச் சென்று வாதிட்டிருக்கத் தேவையில்லை. எர்ணாவூர் வடக்கே உள்ளது, திருவொற்றியூரிலிருந்து நோக்கினால். எர்ணாவூர் தெற்கே உள்ளது, எண்ணூரிலிருந்து நோக்கினால். இரண்டும் உண்மை. திருவொற்றியூரிலிருந்து நோக்கினாலும் தெற்கே என்பது பொய். ஒரு பொருளில் குளிர்ச்சியும் வெப்பமும் போன்ற முரண்பட்ட தன்மைகள் சேர இயலாவென்று சங்கரர் நம்மை மறுத்துரைத்தார். எந்த நோக்கில் என்பதை உடன் சொல்வதே நம் விடை. நோக்கைச் சொல்லாமல் "ஒரு வகையில்" என்று மட்டும் சொல்லி நழுவுவோமாயின், சங்கரர் பக்கமே நியாயம் சேரும்.

இதுகாறும் கூறியவை எளியவை. இனி வருவன கடினமானவை.

எர்ணாவூரில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்கு நாம் தத்துவார்த்த சூத்திரம் பயிற்றுவித்து வருகிறோம். பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தி ஒருநாள் இவ்வாறு கேட்டாள்: "தர்க்கத்தால் நிறுவப்பட்டதாயின் அதனை நம்புவதற்கு என்ன இருக்கிறது, பாட்டி? அறிந்துகொண்டால் போதுமே. நிறுவப்படாததாயின் அதனை ஏன் நம்பவேண்டும்?" உடனிருந்த அவள் தந்தையார் வழக்கம்போல் சங்கை தோஷத்தை நினைவூட்டினார். அவளோ, விடுதியில் சேர்ந்தபின் இரவுண்ணாமையைக் கைவிட்டுவிட்டதையும், காரணம் விளங்காததே அதற்குக் காரணம் என்பதையும் ஒளியாமல் சொன்னாள். கத்தியைப் போன்ற இரு முனை வினா. இதற்கு விடை இல்லையென்றால் இரத்தினகரண்டகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.

முதல் முனைக்கு விடை எளிது. புகையிலை கேடு தரும் என்பது நிறுவப்பட்ட செய்தி. சிகரெட்டுப் பெட்டியின்மேல் படத்துடன் அச்சிடப்பட்டுள்ளது. அதனைப் படித்துக்கொண்டே புகைப்பவர் பலர். அவர்க்கு அறிவு உண்டு; அதன்மேல் உறுதி இல்லை. நிறுவப்பட்டமையால் மட்டும் ஒரு செய்தி வாழ்க்கைக்குள் வந்துவிடுவதில்லை. தத்துவப் பொருள்களின்மேல் வைக்கும் சிரத்தையே நற்காட்சி என்று உமாசுவாமி இரண்டாம் சூத்திரத்தில் கூறினார். அப்பொருள்களை அறியும் வழி பிரமாணமும் நயமும் என்று ஆறாம் சூத்திரத்தில் கூறினார். சிரத்தையும் பிரமாணமும் ஒரே அத்தியாயத்தில், நான்கு சூத்திர இடைவெளியில் நிற்கின்றன. இடையிலுள்ள நான்காம் சூத்திரம் எவற்றின்மேல் சிரத்தை வைக்கவேண்டும் என்பதையும் எண்ணிச் சொல்கிறது: உயிர், உயிரல்லது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்னும் ஏழு.

இரண்டாம் முனைக்கு முன்னர், இரவுண்ணாமையை எடுத்துக்கொள்வோம். பகலவன் ஒளியின்றி உண்பவன் நுண்ணுயிர்க் கொலையை எங்ஙனம் தவிர்ப்பான் என்று கேட்ட அமிர்தசந்திர ஆசாரியர், தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் எதிர்வாதத்தையும் தாமே எழுப்புகிறார். விளக்கேற்றிக்கொண்டால் ஆகாதோ என்பது ஒன்று. பகலுணவை விட்டு இரவில் மட்டும் உண்டால் ஆகாதோ என்பது மற்றொன்று. விளக்கு ஏற்றினாலும் உணவில் வந்து சேரும் சிற்றுயிர்களைக் காத்தல் அரிது என்பதும், பகலுணவினும் இரவுணவில் வேட்கை மிகுதி என்பதும் அவர் தரும் விடைகள். இவ்விடைகள் இன்றைய விடுதிக்கும் பொருந்துமா? முதல் விடை அகல்விளக்குக் காலத்து வலிமையோடு இன்று நிற்கவில்லை. கம்பிவலை அடித்த, மின்விளக்கு எரியும் கூடத்தில் பூச்சிகள் குறைவு என்று அம்மாணவி சொன்னாள். அதனை மறுக்க நம்மிடம் சான்றில்லை. மழைக்கால மாலையில் எங்கள் தெருவில் விளக்கைச் சுற்றும் ஈசலைக் காட்டலாம். அது தெருவுக்குப் பொருந்தும், அவள் விடுதிக்குப் பொருந்தாமற் போகலாம். இரண்டாம் விடையோ மின்விளக்கால் மெலியவில்லை, வலுத்திருக்கிறது. நள்ளிரவில் கைப்பேசியைத் தொட்டால் உணவு வாயிலுக்கு வரும் காலத்தில் வேட்கைக்கு வரம்பு வேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். நூலிலிருந்த காரணங்களைக் காட்டாமல் விதியை மட்டும் கையளித்தது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அன்று தெரிந்தது. அவள் எழுப்பிய மறுப்பை ஆசாரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுப்பியிருந்தார். அவள் தந்தையாருக்கு அச்செய்தி அன்றுதான் தெரியவந்தது.

இவ்வாறு நேர்மையாக வழக்காடுவதை விட்டு, சிலர் விஞ்ஞானத்தைக் கடன் வாங்கி முட்டுக்கொடுக்கின்றனர். ஒரு துளி நீரில் இத்தனை ஆயிரம் உயிர் என்று ஒற்றை எண் வரை துல்லியமாகக் கணக்குச் சொல்லும் சிறுநூல்கள் நம்மிடையே உலவுகின்றன. குளத்து நீரா, கொதித்தாறிய நீரா, எர்ணாவூர்க் குழாய் நீரா என்று அவை சொல்வதில்லை. நீரை வடிகட்டிப் பருகு என்னும் கட்டளைக்கு இவ்வெண் தேவையே இல்லை. உயிரியல் பயிலும் பிள்ளை இதனை ஒருமுறை படித்தால், உண்மையான காரணத்தையும் சேர்த்தே தள்ளிவிடும்.

உலக அமைப்பைப் பற்றிய பகுதி இதனினும் கடினம். ஜம்பூத்துவீபத்தின் விட்டம் ஒரு இலட்சம் யோசனை, நடுவே மேரு, மேலே இரண்டு சூரியர் இரண்டு சந்திரர் என்பது நூல்வழி வந்த வருணனை. அஸ்தினாபுரத்தில் இதனைக் கட்டட அமைப்பாகவே காணலாம். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் குடும்பங்கள் பல வாழும் விழுப்புர மண்ணில் பிறந்தவர். எந்தச் சந்திரனில் இறங்கியது, முதலாவதிலா இரண்டாவதிலா என்று ஒரு சிறுவன் நம்மைக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? நகைத்துத் தள்ளுவதும் தகாது, அடக்குவதும் தகாது.

சித்தசேனர் தம் சன்மதி தர்க்கத்தில் இதற்கு ஒரு வரம்பு வகுத்துள்ளார். ஏதுவால் ஆராயத்தக்க பொருளில் ஏதுவையும், ஆகமத்தால் மட்டும் அறியத்தக்க பொருளில் ஆகமத்தையும் கொள்பவனே நம் சித்தாந்தத்தை உரைப்பவன். மாற்றிச் செய்பவன் அதற்கு ஊறு செய்பவன். சந்திரன் எத்தனை என்பது காட்சியாலும் கணக்காலும் ஆராயத்தக்க பொருள். அதனைக் காட்சியிடமே விட்டுவிடவேண்டும் என்பது நம் துணிபு. நம் பெரியோருள் இதனை ஏற்காதவர் உளர். அவர்கள் வருணனைக்கு வேறு பொருள் கூறுவர். அவர்கள் பக்கத்தையும் பிள்ளைகள் கேட்கட்டும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நற்காட்சிக்குரிய ஏழு தத்துவங்களின் பட்டியலில் தீவுகளின் அளவு இல்லை. பன்னிரு பாவனைகளுள் ஒன்றாகிய உலக பாவனையில், பிறவிச் சுழற்சியின் அகலத்தையும் அதில் நம் சிறுமையையும் எண்ணிப் பார்க்கவே அவ்வருணனை பயன்படுகிறது. அப்பயனைச் சந்திரயான் கெடுக்கவில்லை. யோசனைக் கணக்கைக் காக்கப் புறப்பட்டு ஊற்றையும் செறிப்பையும் பிள்ளைகள் கைவிடச் செய்வது, வேலியைக் காத்துப் பயிரை இழப்பதாகும்.

இனி, மாணவி கேட்ட வினாவின் இரண்டாம் முனை. நிறுவப்படாததை ஏன் நம்பவேண்டும்? முற்றறிவு உண்டு என்பது நம் சமயத்தின் உயிர்நிலை. சமந்தபத்திரர் அதனை அனுமானத்தாலேயே நிறுவ முற்படுகிறார்: நுண்ணியவும் மறைந்தவும் தொலைவிலுள்ளவும் ஆகிய பொருள்கள் அனுமானத்திற்கு உரியன ஆதலின், நெருப்பைப் போல அவை எவரேனும் ஒருவர்க்கு நேர்க்காட்சியாதல் வேண்டும். மீமாம்சகர் குமாரிலர் பக்கத்திலிருந்து இதற்கெதிராக எழுந்த வாதம் கூர்மையானது. பத்து முழம் தாவுபவன் நூறுமுறை பயின்றாலும் ஒரு யோசனை தாவமாட்டான். அறிவு வளர்கிறது என்பதால் முற்றறிவு உண்டு என்று முடிவு கட்டலாமோ என்பது அது. தாவுதல் புதிதாக ஆற்றலைச் சேர்ப்பது. அறிவோ உயிரின் இயல்பு, வினை மறைப்பு நீங்க நீங்க வெளிப்படுவது. நெருப்பிலிட்ட பொன்னின் மாசு முற்றும் நீங்குமன்றோ என்பது நம்மவர் மறுமொழி.

இவ்விரண்டையும் மாணவர்முன் வைத்தபோது நாம் சொன்னது இது. பொன் எடுத்துக்காட்டு, முற்றறிவு இயலாததன்று என்பதைக் காட்டுகிறது. இன்னார் அதனைப் பெற்றார் என்பதை அதுவே நிறுவிவிடாது. தர்க்கம் இங்கே வாயில் வரை அழைத்துவந்து நிற்கிறது. அதற்கு அப்பால் செல்பவன், அதுவரை உடன்வந்தவரின் சொல்லை நம்பியே செல்கிறான். ஊற்று, கட்டு, செறிப்பு ஆகியவற்றில் அவர் சொன்னதைத் தன் சினத்திலும் பேராசையிலும் பொருத்திப் பார்த்தான்; பொருந்தியது. உயிர் எதுவும் துன்பத்தை விரும்பாது என்பதைத் தன்னை வைத்தே அனுமானித்தான், பொருந்தியது. பார்க்க இயன்ற இடமெல்லாம் மெய்யுரைத்தவர், பார்க்க இயலாத இடத்திலும் மெய்யே உரைப்பார் என்று கொள்வது துணிவுதான். ஆனால் கண்மூடித் துணிவன்று. இது நிறுவலுக்கு நிகரன்று என்பதையும் ஒளிக்கவேண்டியதில்லை. நெடியை உணர்ந்து நள்ளிரவில் வெளியேறியவர்க்கும் முழு நிறுவல் கையில் இல்லை.

அருங்கலச்செப்பு நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் கூறும். அவற்றுள் ஐயமின்மையும் ஒன்று, மயக்கமின்மையும் ஒன்று. முன்னதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பின்னதை நாம் விட்டுவிடுகிறோம். வரம் வேண்டித் தெய்வத்தை வழிபடுவதைத் தேவமூடம் என்று நூல் கூறியிருக்க, தேர்வு நுழைவுச்சீட்டை யட்சியின் திருவடியில் வைத்தெடுத்துச் செல்வதைச் சங்கையின்மை என்று நாமே பாராட்டுகிறோம். படியாத பாடத்திற்கு யட்சி எங்ஙனம் விடை எழுதுவாள் என்று கேட்கும் பிள்ளையைச் சங்கையுடையவன் என்று கடிந்துகொள்கிறோம். எட்டு உறுப்புள் மயக்கமின்மை அவனிடத்தன்றோ உள்ளது!

இவ்விரண்டு உறுப்புகளுக்கும் நூலோர் கதை மாந்தரை எடுத்துக்காட்டாகத் தந்துள்ளனர். ஐயமின்மைக்கு அஞ்சன சோரன். கீழே கூரிய படைக்கலங்கள் நிற்க, மேலே கட்டிய உறியில் ஏறி, மந்திரம் சொல்லிக் கயிற்றை அறுக்க அஞ்சி, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான் ஒருவன். அவ்வழி வந்த கள்வனாகிய அஞ்சனன், மந்திரத்தைத் தந்தவர் ஜினதத்தர் என்று கேட்டதும், அச்சான்றோரின் சொல்லை நம்பி ஒரே வீச்சில் கயிற்றை அறுத்தான், வித்தை கைகூடிற்று. மயக்கமின்மைக்கு வட மதுரை அரசி ரேவதி. அவளைச் சோதிக்க எண்ணிய வித்தியாதரன் ஒருவன், பிரமன், திருமால், சிவன் என ஒவ்வொரு நாளும் ஓர் உருவில் தோன்றினான். ஊரே திரண்டு சென்றது, அவள் செல்லவில்லை. இறுதியில் இருபத்தைந்தாம் தீர்த்தங்கரராகவே சமவசரணத்தோடு தோன்றினான். தீர்த்தங்கரர் இருபத்துநால்வரே என்று நூலில் தெளிந்திருந்த ரேவதி, அப்போதும் அரண்மனையை விட்டு அசையவில்லை.

கள்வன் நம்பினான்; அரசி நம்ப மறுத்தாள். இருவரையும் ஒரே நற்காட்சியின் உறுப்புகளுக்குச் சான்றாக ஏன் வைத்தனர் என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து உரையாடிப் பாருங்கள். கூடவே மற்றொன்றையும் கேளுங்கள்: வந்திருப்பவர் யாரென்று ஆராயும் எண்ணத்தோடு ரேவதி ஒருமுறை சென்று பார்த்திருந்தால், அவள் நற்காட்சிக்கு மாசு சேர்ந்திருக்குமா? எங்கள் வகுப்பில் இதற்கு விடை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நாம் ஒரு பக்கம் நிற்கிறோம். அப்பொறியியல் மாணவி மறுபக்கம் நிற்கிறாள்.